திறத்தலும் பிரித்தலும்: மூளைக் கட்டி அறுவைக் கருவிகளின் வரலாற்றில் நந்தம்பாக்கமும் ஒரகடமும்

ஆய்வுச் சுருக்கம்

மூளைக் கட்டியைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான கருவிகளின் வரலாறு தமிழகத்தில் இரு தனி வரலாறுகளாக நிகழ்ந்துள்ளது. முதலாவது, 1949இல் வேலூரிலும் 1950இல் சென்னையிலும் தொடங்கிய நரம்பியல் அறுவை மருத்துவத்தின் வரலாறு. இரண்டாவது, 1965இல் சென்னை நந்தம்பாக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய அரசு அறுவைக் கருவித் தொழிற்சாலையின் வரலாறு. முன்னது உலக ஆய்விதழ்களில் இடம்பெறும் அளவிற்கு வளர்ந்தது. பின்னது மருத்துவர்களின் கையைச் சென்றடையாமல் தளர்ந்தது. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் இக்கட்டுரை, திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தில் உருவாகிவரும் மருத்துவக் கருவிப் பூங்காவிற்கு அவை உணர்த்தும் பாடத்தை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நரம்பியல் அறுவை மருத்துவம், மூளைக் கட்டி, அறுவைக் கருவிகள், நந்தம்பாக்கம், ஒரகடம், மருத்துவக் கருவிப் பூங்கா.

முன்னுரை

சித்த மருத்துவ மரபில் தேரையர் பற்றி வழங்கும் கதை நன்கு அறியப்பட்டது. தீராத் தலைவலியால் துன்புற்ற அரசன் ஒருவனின் கபாலத்தை அகத்தியர் திறக்கிறார். மூளையின் மீது தேரை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி இழுத்தால் மூளை கிழியும். செய்வதறியாது குரு நிற்க, சீடர் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொணர்ந்து அலம்புகிறார். நீரின் ஒலி கேட்ட தேரை தானே துள்ளி நீரில் விழுகிறது. அன்று முதல் அச்சீடர் தேரையர் எனப் பெயர் பெற்றார் என்பது மரபு.

இக்கதையைப் பண்டைத் தமிழரின் மூளை அறுவைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். தொன்மத்தைச் சான்றாகக் கொள்வது வரலாற்று முறைக்கு ஏற்றதன்று. எனினும் கதை ஒரு சிக்கலை மிகத் துல்லியமாக வகுத்துள்ளது. கபாலத்தைத் திறப்பதில் அகத்தியருக்கு இடர் நேரவில்லை. ஒட்டியிருப்பதை மூளைக்கு ஊறு நேராமல் பிரிப்பதிலேயே இடர் எழுகிறது. மூளைக் கட்டி அறுவையின் நூற்று நாற்பது ஆண்டு வரலாறும் இவ்விரு வினைகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் கடந்த வரலாறே ஆகும். அத்தொலைவைக் கடக்க உதவிய கருவிகள் தமிழகத்திற்கு எவ்வாறு வந்தன, அவற்றை இங்கேயே செய்ய மேற்கொண்ட முயற்சி ஏன் தோற்றது, அம்முயற்சி மீண்டும் தொடங்கும் இக்காலத்தில் கருத்தில் கொள்ள வேண்டுவது யாது ஆகிய மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. பிரித்தற் கருவிகளின் தோற்றம்

1884 நவம்பர் 25 அன்று இலண்டனில் ரிக்மன் காட்லி என்னும் அறுவை மருத்துவர், ஹியூஸ் பென்னெட் நோயறிகுறிகளைக் கொண்டு இடம் கணித்த மூளைக் கட்டியொன்றை அகற்றினார். கணித்த இடத்திலேயே கட்டி இருந்தது. ஆயினும் நோயாளி ஒரு மாத அளவில் தொற்றினால் இறந்தார். இடமறிதலும் திறத்தலும் கைகூடிய அக்காலத்திலும் பாதுகாப்பு கைகூடவில்லை என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

திறத்தற் கருவிகள் விரைவில் நிறைவு பெற்றன. இத்தாலிய மகப்பேற்று மருத்துவர் ஜிக்லி வேறு தேவைக்காக உருவாக்கிய கம்பி வாள் 1890களின் இறுதியில் கபாலத்தை அறுக்கப் பயன்பட்டது. பல துளைகளை இட்டு, அவற்றினிடையே கம்பியைச் செலுத்தி, உள்ளிருந்து வெளிநோக்கி எலும்பை அறுக்கும் இம்முறையில் அடியிலுள்ள உறை காக்கப்பட்டது. மின்னாற்றலால் இயங்கும் துளைப்பான்கள் வரும்வரை இவ்வாளே உலகெங்கும் நிலைத்தது.

பிரித்தற் கருவிகள் மெல்லவே வந்தன. முதல் தடை குருதிப்பெருக்கு. ஹார்வி குஷிங் 1911இல் சிறு வெள்ளிக் கவ்விகளை அறிமுகப்படுத்தினார். 1926இல் இயற்பியலாளர் வில்லியம் போவியின் மின்கருவியைக் கொண்டு, அதுவரை குருதிப்பெருக்கு அஞ்சிக் கைவிடப்பட்ட கட்டியை அகற்றினார். போவியின் கருவியில் மின்னோட்டம் நோயாளியின் உடல் வழியே பரவிச் சென்றமையால் நுண்ணிய இடங்களில் அதைப் பயன்படுத்த இயலவில்லை. 1940இல் ஜேம்ஸ் கிரீன்வுட் தொடங்கி, பின்னர் லெனார்டு மாலிஸ் செம்மைப்படுத்திய பைபோலார் எனப்படும் இருமுனைக் கவ்வி இக்குறையை நீக்கியது. மின்னோட்டம் கவ்வியின் இரு நுனிகளுக்கு இடையே மட்டும் பாய்வதால் அருகிலுள்ள நரம்பு தப்புகிறது. 1967 முதல் சூரிக்கில் யாசர்கில் வளர்த்த நுண்ணோக்கி அறுவை முறை இக்கவ்வியின்றி இயன்றிராது.

இரண்டாம் தடை இழுவிசை. கட்டியை வெளியே இழுக்குங்கால் அதனோடு ஒட்டிய மூளையும் நாளமும் இழுபடும். கண்புரை அறுவையில் முன்னரே பயன்பட்ட மீயொலி நுட்பம் 1970களின் பிற்பகுதியில் மூளைக் கட்டிகளுக்குக் கொணரப்பட்டது. கூசா என மருத்துவமனைகளில் வழங்கும் இக்கருவியின் டைட்டேனியம் நுனி நொடிக்கு ஏறத்தாழ 23,000 முறை அதிர்கிறது. நீர்ச்சத்து மிகுந்த கட்டித் திசு சிதைய, நார்ப்புரதம் மிகுந்த குருதி நாளச் சுவர் எஞ்சுகிறது. சிதைந்தவை உப்பு நீரோடு கலந்து உறிஞ்சப்படுகின்றன. கட்டியின் உள்ளீடு குறைந்து சுவர் தளர்ந்தபின், மூளையை இழுக்காமல் கட்டியை உள்நோக்கி மடித்துப் பிரிக்க முடிகிறது.

மூன்றாம் தடை எல்லை. கிளியோமா வகைக் கட்டிகளுக்கும் இயல்பான மூளைக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகும் கோடு இல்லை. ஜெர்மனியில் ஸ்டும்மர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இத்தடைக்கு ஒரு விடை கண்டது. அறுவைக்கு முன் நோயாளி அருந்தும் அமினோலெவுலினிக் அமிலம் கட்டியணுக்களில் ஒளிரும் பொருளாக மாறி, நீல ஒளியில் செந்நிறம் காட்டுகிறது. இம்முறையில் கட்டி முழுமையாக அகற்றப்பட்டோர் 65 விழுக்காடு. வழக்கமான வெள்ளொளியில் அவ்வாறு அகற்றப்பட்டோர் 36 விழுக்காடு. நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளைப்பரப்பில் மென்மின்னூட்டம் தந்து, பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்களை அறியும் முறையும் எல்லையைக் காண்பதற்கான வழியே. மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு இதனை வலிப்பு நோய் அறுவையில் வளர்த்தெடுத்தார்.

2. வேலூரும் சென்னையும்

பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பா. இராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இப்பணியைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இணைந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். ஒரு துறையின் நாடு தழுவிய அமைப்பு உருவானதில் வேலூருக்கும் சென்னைக்கும் முதன்மைப் பங்கு உண்டு.

இவர்கள் கையாண்ட நோய், கருவிகள் பிறந்த நாடுகளின் நோயினின்று வேறுபட்டிருந்தது. அக்கால இந்திய மருத்துவமனைகளில் மூளைக்குள் இடங்கொள்ளும் கட்டிகளுள் டியூபர்குலோமா எனப்படும் காசநோய்க் கட்டி பெரும்பங்கு வகித்தது. பாஸ்டனிலோ இலண்டனிலோ அரிதாகிவிட்ட இக்கட்டி சென்னையில் அன்றாட நோயாக இருந்தது. கிளியோமாவைப் போலன்றி இது திண்மையானது, குருதியோட்டம் குறைந்தது, சூழ்ந்த மூளையினின்று வேறுபடுத்தி அறியத்தக்கது. ஆகவே இதனை முழுமையாகப் பிரித்தெடுக்க வாய்ப்பு மிகுதி. அதே வேளையில் அறுவையின்போது காசநோய்க் கிருமி பரவி மூளை உறை அழற்சி நேரும் அச்சமும் இருந்தது. ஸ்டிரெப்டோமைசின் போன்ற மருந்துகள் இவ்வச்சத்தைக் குறைத்த பின்னரே இவ்வறுவை நம்பிக்கைக்குரியதாயிற்று. இங்கே பாதுகாப்பைத் தந்தது கத்தியின் நுட்பத்தோடு கூடிய மருந்தாகும். காசநோய்க் கட்டியைக் கண்டறிதல் குறித்து இராமமூர்த்தியும் வரதராஜனும் 1961இல் அமெரிக்க நரம்பியல் அறுவை ஆய்விதழில் எழுதிய கட்டுரை, இந்நில அனுபவம் உலக அறிவாக மாறியமைக்குச் சான்று.

1960களில் சென்னைக் குழு ஸ்டீரியோடாக்சிக் எனப்படும் முப்பரிமாண அளவைச் சட்டகத்தைக் கொண்டு அறுவை செய்யும் முறையில் சிறந்து விளங்கியது. தலையில் பொருத்தப்படும் சட்டகத்தின் அளவைகளைக் கொண்டு, மூளையின் ஆழத்திலுள்ள ஒரு புள்ளிக்குச் சிறு துளை வழியே ஊசியைச் செலுத்துவது இம்முறை. இராமமூர்த்தியுடன் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், ஆசியாவின் முதற்பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவரான டி.எஸ். கனகா ஆகியோர் இத்துறையில் பணியாற்றினர். அந்நாளில் இச்சட்டகம் பெரிதும் நடுக்குவாதம், நடத்தைக் கோளாறு ஆகியவற்றுக்குப் பயன்பட்டது. கட்டிக்கு இது பயன்படுவதற்கு, கட்டியையே நேரில் காட்டும் சி.டி. படக்கருவி தேவைப்பட்டது.

3. அகற்றாமையும் பாதுகாப்பே

சி.டி. வந்தபின் வேலூரில் நிகழ்ந்த ஆய்வு, பாதுகாப்பு என்னும் சொல்லின் பொருளையே விரித்தது. வலிப்போடு வரும் இந்திய நோயாளிகள் பலரின் சி.டி. படத்தில் சிறு ஒற்றைப் புண் ஒன்று ஒளிர்ந்தது. அது காசநோய்க் கட்டி எனக் கருதப்பட்டு, நீண்டகாலக் காசநோய் மருந்தோ அறுவையோ அளிக்கப்பட்டது. மேத்யூ சாண்டி, வேதாந்தம் இராஜசேகர் உள்ளிட்ட வேலூர் மருத்துவர்கள் சட்டகத்தின் துணையோடு இப்புண்களை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவத்தால் உண்டாகும் புண்களே என்பதும், பல தாமே மறையக்கூடியவை என்பதும் புலனாயின.

1993இல் இக்குழு இரண்டையும் வேறுபடுத்தும் அளவுகோல்களை வெளியிட்டது. புண் ஒன்றாக இருத்தல், 20 மில்லிமீட்டருக்கு மிகாதிருத்தல், மூளையின் நடுக்கோட்டை நகர்த்தும் அளவிற்கு வீக்கம் இல்லாதிருத்தல், மண்டையழுத்தம் தொடர்ந்து மிகாதிருத்தல், நரம்புக் குறைபாடு வளராதிருத்தல், உடலின் பிற பகுதியில் நோய் இல்லாதிருத்தல் என்பன அவை. இவை பொருந்தினால் கபாலத்தைத் திறக்க வேண்டுவதில்லை. வலிப்பு மருந்து தந்து, மீண்டும் படமெடுத்துக் காத்திருக்கலாம்.

இந்நிகழ்வு கருவி வரலாற்றிற்கு முதன்மையானது. சட்டகமும் சி.டி.யும் பிற நாடுகளில் உருவானவை. அவற்றைக் கொண்டு எழுப்பப்பட்ட வினா இந்நிலத்தினுடையது. அவ்வினாவே இறக்குமதியான கருவியை இந்நில நோயாளிக்குப் பாதுகாப்பானதாக மாற்றியது.

4. நந்தம்பாக்கம்: கைக்குப் பொருந்தாத கருவி

மருத்துவர்களின் வரலாறு இவ்வாறு வளர, கருவி செய்வோரின் வரலாறு அதே நகரில் வேறு திசையில் சென்றது. 1959இல் சோவியத் ஒன்றியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி இந்திய மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல். 1961இல் உருவானது. ரிஷிகேஷில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆலை, ஐதராபாத்தில் செயற்கை மருந்து ஆலை, சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவி ஆலை என மூன்று ஆலைகள் திட்டமிடப்பட்டன. மூன்றனுள் முதலில் உற்பத்தி தொடங்கியது சென்னை ஆலையே, ஆண்டு 1965. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கருவிகளைச் செய்யும் திறனோடு அது அமைக்கப்பட்டது.

ஆலையின் பொறிகளோ தொழிலாளர் திறனோ முதன்மைச் சிக்கலாகவில்லை. கருவிகளின் வடிவங்கள் சோவியத் மாதிரிகளைப் பின்பற்றின. இந்திய அறுவை மருத்துவர்களோ பிரிட்டிஷ் மாதிரிகளில் பயிற்சி பெற்றவர்கள். கருவியின் எடை, பிடியின் வளைவு, நுனியின் அகலம் ஆகியவற்றில் பழகிய கை மாற்றத்தை ஏற்கவில்லை. நாட்டின் தேவையும் மிகையாகக் கணிக்கப்பட்டிருந்தது. விற்பனை குன்ற, உற்பத்தித் திறன் முடங்க, இழப்பு பெருகியது. பிற்காலத்தில் அவ்வாலை மருந்து உற்பத்தியின் பக்கம் திரும்பியது.

இத்தோல்வியை மருத்துவர்களின் அயல்மோகம் என்று சுருக்குவது பொருந்தாது. நரம்பியல் அறுவையில் பயன்படும் பயனெட் வடிவக் கவ்வியை எண்ணிப் பார்க்கலாம். அதன் தண்டு நடுவில் இருமுறை வளைந்து, கையைப் பார்வைக் கோட்டினின்று விலக்குகிறது. ஆழ்ந்த குறுகிய வழியில் நுனியைக் காண்பதற்காகவே அவ்வளைவு. நுண்ணோக்கியின் ஒளி கண்ணைக் கூசாதிருக்க அதன் பரப்பு மங்கலாக்கப்படுகிறது. பொறியாளரின் வரைபடத்தில் சிறு மாறுதலாகத் தோன்றும் ஒன்று, அறுவை மேசையில் நாளமொன்று கிழிவதற்கும் கிழியாமைக்கும் இடைப்பட்ட வேறுபாடாகலாம். மருத்துவர் மறுத்தது அயல்வடிவத்தை அன்று. தம் கையோடு உரையாடாத வடிவத்தையே மறுத்தனர்.

5. சியால்கோட்: பழுதுபார்த்தலில் பிறந்த தொழில்

இதற்கு மாறான எடுத்துக்காட்டு, இன்று பாகிஸ்தானிலுள்ள சியால்கோட். வாளும் கத்தியும் செய்துவந்த அந்நகரக் கம்மியர்களிடம், அங்கிருந்த அமெரிக்க மிஷன் மருத்துவமனை தன் அறுவைக் கருவிகளைப் பழுதுபார்க்கக் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தல் படியெடுத்தலாகவும், பின்னர் உற்பத்தியாகவும் வளர்ந்தது. இன்று கை அறுவைக் கருவிகளை உலகெங்கும் அனுப்பும் பெரும் தொழிற்குழுமங்களுள் சியால்கோட் ஒன்று. நந்தம்பாக்கத்திற்கு அரசு முதலீடும் பெரும்பொறிகளும் இருந்தன. சியால்கோட்டிற்கு அவை இல்லை. ஆனால் உடைந்த கருவி எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று கம்மியர் மருத்துவரிடம் கேட்டறியும் வாய்ப்பு சியால்கோட்டில் இருந்தது.

6. ஒரகடம்: மூன்றாம் வாய்ப்பு

திருப்பெரும்புதூர் – ஒரகடம் வழித்தடம் 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் மகிழுந்து ஆலை அமைந்ததோடு உருப்பெற்றது. பின்னர் ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆகிய ஆலைகளும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பல சிறு, நடுத்தரப் பட்டறைகளும் வந்தன. டிரிவிட்ரான் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த மருத்துவத் தொழில்நுட்பப் பூங்கா, இவ்வழித்தடத்தில் மருத்துவக் கருவித் தொழில் கால்கொண்டதற்கு அடையாளம்.

மத்திய அரசு 2020இல் அறிவித்த மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தின்கீழ் இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு பூங்காவிற்கும் 100 கோடி ரூபாய் வரை நிதியுதவி அறிவிக்கப்பட்டது. தமிழகத்தின் பூங்கா ஒரகடத்தில் சுமார் 350 ஏக்கரில் சிப்காட் வழி திட்டமிடப்பட்டது. சோதனைக்கூடம், நுண்ணுயிர்நீக்க வசதி போன்ற பொதுக் கட்டமைப்பைப் பகிர்ந்து உற்பத்திச் செலவைக் குறைப்பது இதன் நோக்கம்.

உதிரிபாகப் பட்டறையின் துல்லியம் அறுவைக் கருவிக்கு அடிப்படையாகும். ஆனால் அதுவே போதுமானதன்று. வாகன உதிரிபாகம் ஒரே வடிவில் இலட்சக்கணக்கில் செய்யப்படுகிறது. நரம்பியல் அறுவைக் கவ்வியோ பல வடிவங்களில், ஒவ்வொன்றும் சிறு எண்ணிக்கையில் வேண்டப்படுவது. அதன் எஃகு 134 பாகை செல்சியஸ் நீராவியில் நூற்றுக்கணக்கான முறை வெந்தும் துருப்பிடிக்கலாகாது. இருமுனைக் கவ்வியின் மின்காப்புப் பூச்சில் மயிரிழை வெடிப்பும் கூடாது. வெடிப்பின் வழி கசியும் மின்சாரம் எண்ணாத இடத்தைத் தீய்க்கும். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் இடர் அளவிற்கேற்பக் கருவிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்துகின்றன. விதிகள் தரத்தின் கீழெல்லையை உறுதிசெய்யும். கைக்குப் பொருந்துவதை விதிகளால் உறுதிசெய்ய இயலாது.

அதற்கு உரையாடல் தேவை. உரையாடலுக்கு மொழி தேவை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்து, ‘இரண வைத்தியம்’ என்னும் அறுவை மருத்துவ நூலையும் தமிழில் வெளிவரச் செய்தார். அம்மரபு தொடரவில்லை. இன்று அறுவை அரங்கின் மொழியும் பட்டறையின் மொழியும் வெவ்வேறாக உள்ளன. கடைசற்பொறியில் கருவியின் நுனியைத் தீட்டும் தொழிலாளி, அந்நுனி மூளையின் எப்பகுதியில் என்ன செய்கிறது என்பதைத் தன் மொழியில் அறிந்தால், அளவுப் பிழையின் பொருளையும் அறிவார். தமிழாய்வாளர்க்குக் கலைச்சொல் உருவாக்கத்தில் இங்கு உடனடிப் பணி உண்டு.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றினின்று பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு.

மூளைக் கட்டி அறுவையில் பாதுகாப்பு என்பது திறத்தற் கருவிகளால் அமையவில்லை. குருதியை நிறுத்துவதும், இழுக்காமல் குறைப்பதும், எல்லையைக் காட்டுவதும் ஆகிய பிரித்தற் கருவிகளாலேயே அது அமைந்தது.

தமிழக மருத்துவர்கள் அயற்கருவிகளைப் பயன்படுத்துவோராக மட்டும் இருக்கவில்லை. காசநோய்க் கட்டியிலும் நாடாப்புழுப் புண்ணிலும் அவர்கள் எழுப்பிய வினாக்கள் அக்கருவிகளின் பயன்பாட்டையே மாற்றின. எப்போது அகற்றக்கூடாது என்பதை நிறுவியது வேலூரின் தனிப் பங்களிப்பு.

நந்தம்பாக்கம் ஆலையின் தளர்ச்சி உற்பத்தித் திறனின் குறையால் நேர்ந்ததன்று. பயன்படுத்துவோரின் கையையும் உண்மைத் தேவையையும் அறியாமல் வடிவமும் அளவும் முடிவுசெய்யப்பட்டதே காரணம்.

ஆகவே ஒரகடம் பூங்காவின் வெற்றி ஏக்கரிலும் முதலீட்டிலும் மட்டும் அளக்கப்படலாகாது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிறுவனம், வேலூர் மருத்துவக் கல்லூரி போன்றவற்றில் பழுதாகி ஒதுக்கப்படும் கவ்விகளும் உறிஞ்சு குழல்களும் ஒரகடப் பட்டறைகளுக்கு வந்து, பழுதின் காரணம் ஆராயப்பட்டு, திருத்திய வடிவம் அதே மருத்துவரின் கைக்குத் திரும்பும் சுழற்சி முதலில் அமைய வேண்டும். கருவிகளால் நேரும் தீங்குகளைப் பதிவுசெய்ய 2015இல் தொடங்கப்பட்ட தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின் பதிவுகள் வடிவமைப்பாளரைச் சென்றடைய வழி வேண்டும். மீயொலிக் கருவி போன்ற பெரும்பொறிகளைச் செய்யும் தகுதி, இத்தகைய எளிய கைக்கருவிகளில் பெறும் பட்டறிவின் மீதே எழ இயலும்.

அரசு மருத்துவமனையில் மூளைக் கட்டியோடு காத்திருக்கும் நோயாளிக்குக் கருவியின் பிறந்த நாடு பொருட்டன்று. அது கிடைக்கும் காலமும், பழுதானால் திரும்பிவரும் காலமும், மருத்துவரின் கையில் அது அமையும் பாங்குமே அவருடைய உயிரையும் பேச்சையும் காப்பவை. நந்தம்பாக்கம் விடுத்துச் சென்ற இப்பணியை ஒரகடம் நிறைவேற்றுமா என்பது, அங்கு நிறுவப்படும் முதற்பொறியைக் காட்டிலும் அங்கு அழைக்கப்படும் முதல் மருத்துவரைப் பொறுத்தே அமையும்.